பூஸ்ட் கேஜ் முள் சொல்றது உண்மையா? கோவளம் கடல் மட்டத்துல ஒரு சோதனை

இப்படி ஒரு நிலைமையை நினைச்சுப் பாருங்க. நண்பர்கள் யாரோ ஒருத்தர் வீட்டுல செகண்ட் ஹேண்ட்ல ஒரு டர்போ டீசல் கார் வாங்கியிருக்காங்க. பழைய ஓனர் டேஷ்போர்டு மேல ஒரு பூஸ்ட் கேஜ் மாட்டி வெச்சிருக்கார். ஈசிஆர்ல ஓட்டிப் பார்த்தா முள் 8 பிஎஸ்ஐக்கு மேல ஏறவே மாட்டேங்குது. "டர்போ போச்சு தம்பி, மாத்தணும்"னு ஒரு குரல். "வேஸ்ட்கேட் ராடைக் கொஞ்சம் இறுக்கிவிட்டா சரியாயிடும்"னு இன்னொரு குரல். ரெண்டு பேருமே முள் காட்டுறது உண்மைன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதை யாரும் சோதிக்கவே இல்ல.

இதுல ரெண்டு ஆபத்து இருக்கு. முதலாவது பணம். டர்போ மாத்தினா பல்லாயிரக்கணக்குல செலவு. குற்றவாளி வெறும் ஒரு ரப்பர் ஹோஸா இருந்தா அது ஒரு டீ, பன் காசுல முடிஞ்சிருக்கும். ரெண்டாவது அதைவிடப் பெரிசு. எஞ்சினுக்குள்ள உண்மையில 16 பிஎஸ்ஐ இருந்து, கேஜ் மட்டும் 8 காட்டுதுன்னு வைங்க. அந்த 8-ஐ நம்பி பூஸ்ட்டை ஏத்தினா பெட்ரோல் எஞ்சின்ல நாக்கிங் வரும், ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டனே உடையலாம். அதனால எஞ்சின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கேஜை விசாரிக்கணும். எப்படி விசாரிக்கிறது? பதில் நமக்கு முன்னாடியே தெரிஞ்ச ஒரு கேள்வியை அதுகிட்ட கேட்கணும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வேலைதான்.

முள் எதை அளக்குது?

பஞ்சர் கடையில டயருக்கு 30 பிஎஸ்ஐ பிடிக்கிறோம். அதே டயர் முழுசா இறங்கிட்டா மீட்டர் 0 காட்டும். அப்போ உள்ள காத்தே இல்லையா? இருக்கு. வெளியில இருக்குற அதே காத்து, அதே அழுத்தத்துல, கிட்டத்தட்ட 14.7 பிஎஸ்ஐல உள்ளயும் இருக்கு. மீட்டர் காட்டுறது உள்ளுக்கும் வெளிக்கும் இருக்குற வித்தியாசத்தை மட்டும்தான். இதுக்குப் பேர் கேஜ் அழுத்தம். வெற்றிடத்துல இருந்து கணக்கு பண்ணினா அது தனி அழுத்தம்.

டேஷ்போர்டுல மாட்டுற பூஸ்ட் கேஜ் முதல் வகை. காரோட இசியூ நம்பியிருக்குற மேப் சென்சார் பெரும்பாலும் ரெண்டாவது வகை. இன்டேக் மேனிஃபோல்டுல இருக்குற தனி அழுத்தத்தைத்தான் அது அளக்கும். ஆக, பூஸ்ட் = மேனிஃபோல்டின் தனி அழுத்தம் − வெளிக்காத்தின் அழுத்தம். இந்தக் கழித்தல் கணக்குல ரெண்டு எண்ணுல எது தப்பானாலும் விடை தப்பாகும். பாதிப் பேர் இந்த ரெண்டாவது எண்ணை மறந்துடுறாங்க.

அலகுகளையும் ஒரு தடவை ஞாபகப்படுத்திக்குவோம். 1 பார் = 100 கிலோபாஸ்கல் = 14.5 பிஎஸ்ஐ. பல கேஜ்கள்ல இன்னொரு குழப்பம் இருக்கு. 0-க்கு வலதுபக்கம் பிஎஸ்ஐ, இடதுபக்கம் அங்குலப் பாதரசம்னு ஒரே டயல்ல ரெண்டு அலகு அச்சடிச்சிருப்பாங்க. இடதுபக்கம் 20-ல முள் நின்னா அது மைனஸ் 20 பிஎஸ்ஐ இல்ல. வெளிக்காத்தே 14.7 பிஎஸ்ஐதான், அதுக்குக் கீழ போறதுக்கு இடமே கிடையாது. 20 அங்குலப் பாதரசம்னா சுமார் 68 கிலோபாஸ்கல் வெற்றிடம். பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்ல அது சாதாரணமான அளவு.

கோவளம் ஏன்?

கோவளம் கடல் மட்டத்துல இருக்கு. அங்க காத்தோட அழுத்தம் சாதாரண நாள்ல 100-ல இருந்து 101.5 கிலோபாஸ்கலுக்குள்ள இருக்கும். ஜனவரியில கொஞ்சம் கூடுதல், மே, ஜூன்ல கொஞ்சம் குறைவு. புயல் வந்தா இன்னும் இறங்கும். தாம்பரம், மேடவாக்கம், சிறுசேரி, கேளம்பாக்கம் எல்லாமே கடல் மட்டத்துக்குச் சில மீட்டர், சில பத்து மீட்டர் மேலதான். வித்தியாசம் அரை கிலோபாஸ்கலைத் தாண்டாது. அதனால நம்ம ஏரியாவுல யார் கேட்டாலும் வெளிக்காத்தோட அழுத்தம் கிட்டத்தட்ட 101-ன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லலாம். இந்த எண்ணுதான் நம்ம இலவச அளவுகோல்.

சந்தேகம் இருந்தா நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்களோட அன்றைய காற்றழுத்தத்தைப் பாருங்க. ஹெக்டோபாஸ்கல்ல இருக்கும், 10-ஆல வகுத்தா கிலோபாஸ்கல். பாரோமீட்டர் உள்ள போன் இருந்தா அதுவும் போதும்.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சுக்கங்க. டர்போ நம்ம ஏரியாவுக்கு ரொம்பப் பழக்கமானது. கோவளத்துக்குத் தெற்கே ஓஎம்ஆர்ல பையனூர்ல டர்போ எனர்ஜி நிறுவனத்துக்கு டர்போசார்ஜர் ஆலையே இருக்கு. மறைமலைநகர்ல இருந்து ஈகோபூஸ்ட் எஞ்சினோட ஈகோஸ்போர்ட் வந்துச்சு. ஒரகடத்துல மேக்னைட், கைகர். இருங்காட்டுக்கோட்டையில இருந்து வென்யூவும் வந்துச்சு. ஆட்டோமொபைல் வேலைக்குப் போகப்போற நமக்கு இந்த விசாரணை முறை எப்படியும் தேவைப்படும்.

கேள்வி 1: எஞ்சின் ஓடலைன்னா என்ன காட்டுற?

எஞ்சினை நிறுத்திட்டு ரெண்டு நிமிஷம் விடுங்க. அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணுங்க. இப்போ மேனிஃபோல்டுக்குள்ளயும் வெளியிலயும் ஒரே காத்து. டயல் கேஜ் 0 காட்டணும். ஓபிடி அடாப்டர் சொருகி மேப் மதிப்பைப் பார்த்தா 100 அல்லது 101 வரணும். அதே அடாப்டர்ல பாரோமெட்ரிக் அழுத்தம்னு தனியா ஒரு மதிப்பு வந்தா அதுவும் கிட்டத்தட்ட அதே எண்ணா இருக்கணும்.

வரலைன்னா? எஞ்சின் இன்னும் ஓடவே இல்ல. டர்போ சுத்தவே இல்ல. அப்படின்னா இந்தத் தப்புக்கு டர்போ பொறுப்பே கிடையாது. தப்பு சென்சார்ல, ஒயர்ல, கேஜ்ல, இல்ல ஆப் செட்டிங்ல. ஒரே கேள்வியில பாதி வழக்கு முடிஞ்சுது பாருங்க.

இதே சோதனையை மலையில பண்ணினா இன்னும் சுவாரசியம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க காத்தோட அழுத்தம் சுமார் 78 கிலோபாஸ்கல்தான். பெங்களூரு 920 மீட்டர், சுமார் 91. நிறைய ஆப்கள் காரோட பாரோமெட்ரிக் மதிப்பு கிடைக்கலைன்னா, வெளிக்காத்து எப்பவுமே 101 கிலோபாஸ்கல்னு வெச்சுக்கிட்டு கழிக்கும். கோவளத்துல அது தப்பே தெரியாது. ஊட்டியில எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போதே 78 − 101 = மைனஸ் 23 கிலோபாஸ்கல்னு "வெற்றிடம்" காட்டும். ஓடாத எஞ்சின் எப்படி வெற்றிடம் உண்டாக்கும்? ஆப்போட கணக்குதான் தப்பு.

ஓட்டும்போது என்ன ஆகும்னும் பாருங்க. இசியூ மேனிஃபோல்டுல 180 கிலோபாஸ்கல் தனி அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சிருக்குன்னு வைங்க. கோவளத்துல பூஸ்ட் 79 கிலோபாஸ்கல், அதாவது 11.5 பிஎஸ்ஐ. அதே 180 ஊட்டியில 102 கிலோபாஸ்கல் பூஸ்ட், கிட்டத்தட்ட 15 பிஎஸ்ஐ. டயல் கேஜ் இந்த ஏற்றத்தைக் காட்டும். "மலையேறினதும் ஓவர்பூஸ்ட் ஆயிடுச்சு"ன்னு பதறத் தேவையில்ல. எஞ்சினுக்குள்ள போற அழுத்தம் அதேதான், வெளிக்காத்துதான் குறைஞ்சிருக்கு. டர்போ மட்டும் அங்க கூடுதல் வேகத்துல சுத்த வேண்டியிருக்கும். அதனால பல கார்கள்ல இசியூவே உயரத்துக்குத் தகுந்தபடி பூஸ்ட் இலக்கைக் குறைச்சுடும்.

ஒரு எச்சரிக்கை. வானிலை ஆப் ஊட்டிக்கும் ஏறக்குறைய 1013 ஹெக்டோபாஸ்கல்னுதான் காட்டும். அது கடல் மட்டத்துக்கு மாத்திக் கணக்கிட்ட எண். மலையில அதை வெச்சு சென்சாரைச் சோதிச்சா நல்ல சென்சாரையும் தூக்கிப் போட்டுடுவீங்க.

கேள்வி 2: ஐடிலிங்ல என்ன காட்டுற?

எஞ்சின் சூடானதும், ஏசி ஆஃப்ல, ஆக்சிலேட்டரை மிதிக்காம விடுங்க. இங்க பெட்ரோலும் டீசலும் வேற வேற.

பெட்ரோல்ல த்ராட்டில் மூடியிருக்கும், எஞ்சின் காத்தை இழுக்கும், மேனிஃபோல்டுல வெற்றிடம் உண்டாகும். தனி அழுத்தம் பொதுவா 30 முதல் 40 கிலோபாஸ்கல் வரை இருக்கும். கேஜ்ல மைனஸ் 0.6, மைனஸ் 0.7 பார் பக்கம் முள் நிற்கும். டீசல்ல வேலையைக் கட்டுப்படுத்துறது டீசலோட அளவு, காத்து இல்ல. ஐடிலிங்ல மேனிஃபோல்டு கிட்டத்தட்ட வெளிக்காத்து அழுத்தத்துலயே இருக்கும். அதனால டீசல் கார்ல முள் 0 பக்கத்துல நின்னா அது பழுது இல்ல.

இந்தக் கேள்விக்கு வர்ற தப்பான பதில்கள் கேஜ் ஹோஸை எங்க இணைச்சிருக்காங்கன்னு காட்டிக்கொடுக்கும்:

பெட்ரோல் கார், ஐடிலிங்ல 0, ஓட்டும்போது மட்டும் பூஸ்ட் காட்டுது: ஹோஸ் த்ராட்டிலுக்கு முன்னாடி இருக்குற பைப்ல இணைஞ்சிருக்கு. மேனிஃபோல்டை அது பார்க்கவே இல்ல.

பெட்ரோல் கார், வெற்றிடம் சரியா காட்டுது, பூஸ்ட் மட்டும் வரவே இல்ல, எஞ்சினை நிறுத்தினாலும் முள் 0-க்குத் திரும்ப மாட்டேங்குது: பிரேக் பூஸ்டர் ஹோஸ்ல, ஒருவழி வால்வுக்கு அந்தப் பக்கம் டி போட்டிருக்காங்க. அந்த வால்வு வெற்றிடத்தைப் பிடிச்சு வைக்கும், பூஸ்ட்டை உள்ள விடாது. இதை உடனே எடுத்துடுங்க. அந்த டி-ல லீக் வந்தா பாதிக்கப்படுறது பிரேக்.

டீசல் கார், எஞ்சின் ஓடும்போதெல்லாம் மைனஸ் 0.9 பக்கத்துல ஆடாம நிற்குது: வேக்குவம் பம்ப் லைன்ல இணைச்சிருக்காங்க. அதுவும் பிரேக் சம்பந்தப்பட்டது, அதையும் எடுக்கணும்.

ஹோஸும் ஒயரும்

பழைய மாதிரி மெக்கானிக்கல் கேஜுக்குள்ள வளைஞ்ச ஒரு உலோகக் குழாய் இருக்கும். அழுத்தம் ஏறினா குழாய் நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். பிரான்ஸ் நாட்டு யூஜின் போர்டோன் 1849-ல காப்புரிமை வாங்கின அமைப்பு, இன்னிக்கும் அதேதான். கரண்ட் தேவையில்ல, பொய் சொல்ற வாய்ப்பும் குறைவு. ஆனா அதுக்குச் செய்தி கொண்டு வர்ற ஹோஸ் கெட்டுப்போகும். எஞ்சின் சூட்டுல விறைச்சு வெடிக்கும், கிளிப் தளரும், கேபினுக்குள்ள நுழையுற இடத்துல மடங்கும், எலி கடிக்கும். உள்ள எண்ணெய் ஆவி படிஞ்சு அடைச்சுக்கும். லீக் இருந்தா முள் உண்மையைவிடக் குறைவா காட்டும். பாதி அடைச்சிருந்தா முள் மெதுவா ஏறி, மெதுவா இறங்கும்.

இது வெறும் கேஜ் பிரச்சினையா மட்டும் நிற்காது. வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போற ஹோஸ்லயே கேஜுக்கும் டி போட்டிருந்தா, கேஜ் ஹோஸ்ல வர்ற லீக் ஆக்சுவேட்டருக்கும் குறைவான அழுத்தத்தைத்தான் அனுப்பும். வேஸ்ட்கேட் தாமதமாத் திறக்கும், உண்மையான பூஸ்ட் இலக்கைத் தாண்டிப் போகும். முள் குறைவா காட்டுது, எஞ்சினுக்குள்ள அதிகமா ஏறுது. ஆரம்பத்துல சொன்ன ரெண்டாவது ஆபத்து இதேதான். எஞ்சினுக்குத் தேவையான எந்தக் கட்டுப்பாட்டு ஹோஸ்லயும் கேஜை இணைக்காதீங்க.

எலக்ட்ரானிக் கேஜ்ல மூணு ஒயர் சென்சார் இருக்கும்: 5 வோல்ட், எர்த், சிக்னல். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 0 முதல் 300 கிலோபாஸ்கல் தனி அழுத்தத்துக்கு 0.5 முதல் 4.5 வோல்ட் தர்ற சென்சார்னு வைங்க. ஒரு வோல்ட்டுக்கு 75 கிலோபாஸ்கல். கோவளத்துல எஞ்சின் ஆஃப்ல சிக்னல் 0.5 + (101 ÷ 75) = 1.85 வோல்ட் வரணும். மல்டிமீட்டரை வெச்சுப் பாருங்க. எர்த் இணைப்புல துரு பிடிச்சு 0.1 வோல்ட் வீணானாலே 7.5 கிலோபாஸ்கல், அதாவது 1 பிஎஸ்ஐக்கு மேல தப்பு வந்துடும்.

கடற்கரை ஊர்கள்ல இது சாதாரணம். உப்புக்காத்து கனெக்டர் பின்கள்ல பச்சையா படியும். அதே மாதிரி 2015 டிசம்பர் மழையில முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம் வந்தது ஞாபகம் இருக்கும். எந்த வெள்ளத்துலயாவது நின்ன கார் பின்னாடி செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தா, இந்த மாதிரி கனெக்டர்கள்லதான் அதோட கதை தெரியும். கனெக்டரைக் கழட்டி, கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, திரும்ப மாட்டிட்டு முதல் கேள்வியை மறுபடி கேளுங்க.

ஓபிடி சொல்றதெல்லாம் வேதவாக்கு இல்ல

"நான் கேஜையே நம்பல, போன்ல ஓபிடி வெச்சுப் பார்க்கிறேன்"னு சொல்றவங்களுக்கு மூணு விஷயம்.

ஒண்ணு, பொதுவான ஓபிடி மேப் மதிப்பு ஒரே ஒரு பைட்ல வரும். அதிகபட்சம் 255 கிலோபாஸ்கல். கோவளத்துல 255 − 101 = 154, அதாவது சுமார் 22 பிஎஸ்ஐ. உண்மையான பூஸ்ட் அதுக்கு மேல போனாலும் எண் 255-லயே நின்னுடும். கிராஃப் உச்சியில கத்தியால வெட்டின மாதிரி தட்டையா இருந்தா டர்போ மூச்சு முட்டுதுன்னு முடிவு பண்ணாதீங்க, எண்ணோட எல்லை அது.

ரெண்டு, விலை குறைஞ்ச புளூடூத் அடாப்டர் வினாடிக்குச் சில மதிப்புகளைத்தான் தரும். பத்து அளவீடுகளை ஒண்ணா கேட்டா ஒவ்வொண்ணுக்கும் இன்னும் தாமதம். அரை வினாடி வந்துட்டுப் போற உச்சத்தை அது பார்க்காமலே விட்டுடும். மேப், ஆர்பிஎம் ரெண்டை மட்டும் கேளுங்க.

மூணு, டியூனிங் பாக்ஸ். சில பாக்ஸ்கள் மேப் சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவுல உட்கார்ந்து, அழுத்தத்தைக் குறைச்சுச் சொல்லும். இசியூ அதை நம்பி இன்னும் பூஸ்ட் ஏத்தும். அப்படிப்பட்ட கார்ல ஓபிடி காட்டுறது பாக்ஸ் சொன்ன பொய். மெக்கானிக்கல் கேஜ் அதிகமாவும் ஓபிடி குறைவாவும் காட்டினா, கேஜைத் திட்டுறதுக்கு முன்னாடி சென்சார் ஒயர் வழியா கையை விட்டுத் தேடிப் பாருங்க. பழைய ஓனர் சொல்லாம விட்ட ஒரு சின்னப் பெட்டி கிடைக்கலாம்.

கேள்வி 3: நான் கொடுக்குற அழுத்தத்தைச் சரியாச் சொல்லு

0-ல சரியா நிற்கிற முள் மேல போகும்போது தப்பாகலாம். அதனால தெரிஞ்ச ஒரு அழுத்தத்தைக் கொடுத்துப் பார்க்கணும். கை பம்ப், நல்ல கேஜ் இருந்தா சரி. இல்லாதவங்களுக்கு, டயல் வெச்ச பிபி கருவி போதும். பட்டைக்குப் போற டியூபைக் கழட்டி, மீன் தொட்டிக் கடையில கிடைக்கிற சின்ன டி கனெக்டர் வழியா, கார்ல இருந்து கழட்டின கேஜ் ஹோஸோட இணைங்க. பல்பை மெதுவா அழுத்துங்க. பட்டை இல்லாததால சட்டுன்னு ஏறும்.

150 மில்லிமீட்டர் பாதரசம் = 20 கிலோபாஸ்கல் = 2.9 பிஎஸ்ஐ.
300 மில்லிமீட்டர் பாதரசம் = 40 கிலோபாஸ்கல் = 5.8 பிஎஸ்ஐ.

ரெண்டு டயலும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. 300-ல நிறுத்திட்டு ஒரு நிமிஷம் காத்திருங்க. தானா இறங்கினா எங்கயோ லீக். சோப்புத் தண்ணியைத் தடவினா குமிழி காட்டிக்கொடுக்கும், பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தொட்டித் தண்ணியில முக்குற அதே வித்தைதான். பிபி கருவிக்குள்ள எஞ்சின் எண்ணெய் போகாம புது டியூப் பயன்படுத்துங்க. வீட்டுல தாத்தாவுக்குப் பயன்படுற கருவியை எடுத்துக்கிட்டு வராதீங்க, பழசா ஒண்ணு தேடுங்க.

பிபி கருவியே இல்லையா? கொத்தனார் மட்டம் பார்க்குற டியூப் லெவல் இருக்கே, அந்தத் தெளிவான குழாயை யு வடிவத்துல தொங்கவிட்டு பாதி தண்ணி ஊத்துங்க. ஒரு முனையை டி வழியா கேஜோட இணைச்சு, டி-யோட மிச்ச முனையில ஒரு சிரிஞ்சை மாட்டி அழுத்துங்க. மறுமுனை திறந்தே இருக்கட்டும். ரெண்டு பக்கத் தண்ணி மட்டத்துக்கும் 1 மீட்டர் வித்தியாசம் வந்தா அது 9.8 கிலோபாஸ்கல். புவியீர்ப்பும் தண்ணியோட அடர்த்தியும் தர்ற எண் அது, எந்தக் கம்பெனி கேஜும் அதோட வாதாட முடியாது.

கேள்வி 4: லோடு ஏத்தினா என்ன சொல்ற?

நியூட்ரல்ல வெச்சு உறுமவிட்டுப் பார்க்கிறது வீண். லோடு இல்லாத எஞ்சின்ல வெளிவர்ற புகையோட சக்தி குறைவு, டர்போவைச் சுத்தவைக்க அது போதாது. அங்க பூஸ்ட் வரலைன்னா அது பழுது ஆகாது.

லோடு சோதனைக்கு ஈசிஆர்ல பறக்கணும்னு அவசியம் இல்ல. சனி, ஞாயிறுல கோவளம் பக்கம் எவ்வளவு கூட்டம், எத்தனை பேர் குறுக்க வருவாங்கன்னு நமக்கே தெரியும். வசதி இருந்தா சேஸிஸ் டைனோதான் சரியான இடம். இல்லைன்னா ஆளில்லாத நேரா இருக்குற ரோட்டுல, மூணாவது கியர்ல, 1500 சுற்றுல இருந்து 3000 சுற்று வரை முழு ஆக்சிலேட்டர். பெரும்பாலான கார்ல இது நகர வேக வரம்பு ஒட்டியே முடிஞ்சுடும். ஓட்டுறவர் ரோட்டை மட்டும் பார்க்கணும். ஆப் பதிவு பண்ணட்டும், வண்டியை ஓரமா நிறுத்தினப்புறம் கிராஃபைப் பாருங்க. ஒரே சோதனையை மூணு தடவை பண்ணுங்க. மூணும் ஒரே மாதிரி வந்தாதான் அது தகவல்.

கிடைச்ச உச்சத்தை அந்த மாடலோட சர்வீஸ் மேனுவல் எண்ணோட ஒப்பிடுங்க, நண்பரோட வேற மாடல் காரோட இல்ல.

இப்போ எஞ்சின் பக்கம் திரும்பலாம்

நாலு கேள்விக்கும் கேஜ் சரியான பதில் சொல்லி, அப்பவும் பூஸ்ட் குறைவுன்னா, இப்போ அதை நம்பலாம். தேட வேண்டிய வரிசை, செலவு குறைஞ்சதுல இருந்து: ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ்களும் கிளிப்களும் (ஜாயின்ட்ல எண்ணெய்க் கசிவு, மிதிச்சா "உஸ்"னு சத்தம், டீசல்ல கரும்புகை), ஆக்சுவேட்டர் ஹோஸ், வேஸ்ட்கேட் அசையுதான்னு சோதனை, விஜிடி டர்போன்னா கரி படிஞ்சு சிக்கின இறக்கைகள், அடைச்ச எக்ஸாஸ்ட். டர்போ உடலே கெட்டதுங்கிறது கடைசியில வர்ற சந்தேகம்.

இசியூவோட கோடும் உதவும். பி0299 வந்தா பூஸ்ட் குறைவு, பி0234 வந்தா அதிகம். இது ரெண்டும் அழுத்தத்தைப் பத்தின புகார். பி0237, பி0238 வந்தா பூஸ்ட் சென்சார் சிக்னல் வோல்டேஜ் குறைவு, அதிகம். பி0107, பி0108 மேப் சென்சாருக்கு அதே மாதிரி. இந்த நாலும் ஒயர், சென்சார் பத்தின புகார். ஆனா முதல் ரெண்டு கோடும் அதே சென்சாரை நம்பித்தான் வருதுங்கிறதை மறக்காதீங்க. சென்சார் 20 கிலோபாஸ்கல் குறைவா சொன்னா இசியூவும் அப்பாவியா பி0299 போடும்.

எஞ்சினோட நடத்தையும் ஒரு சாட்சி. கேஜ் பாதி பூஸ்ட் காட்டுது, ஆனா இழுவை பழையபடி இருக்கு, புகை இல்ல, சத்தம் இல்லைன்னா சந்தேகம் கேஜ் மேல. கேஜ் குறைவா காட்டுது, வண்டியும் மேம்பாலம் ஏற மூச்சு வாங்குதுன்னா சந்தேகம் எஞ்சின் மேல.

மலைக்குப் போன எஞ்சின்

தெரிஞ்ச வெளிக்காத்தை அளவுகோலா வெச்சுச் சோதிக்கிறது புதுசு இல்ல. ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பியூச்சி 1905-ல டர்போவுக்குக் காப்புரிமை வாங்கினார். 1918-ல அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக்கைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சினை ஒரு லாரியில ஏத்தி, சுமார் 4,300 மீட்டர் உயர பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டு போனார். தாழ்வான இடத்துல 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், உச்சியில டர்போ இல்லாம 230-க்கு இறங்கிடுச்சு. டர்போ மாட்டினதும் 356. மெல்லிய காத்துல எஞ்சின் எவ்வளவு இழக்கும்னு முன்னாடியே தெரிஞ்ச இடத்துக்குப் போய் அளந்ததாலதான் அந்த எண்ணை யாராலயும் மறுக்க முடியல. நமக்கு அந்த மலை ஏற்றம் தேவையில்ல, வெளிக்காத்து 101-ன்னு சொல்லிக்கொடுக்க கடல் பக்கத்துலயே இருக்கு.

அடுத்து டர்போ வண்டி கையில கிடைச்சா முதல் வேலையா இக்னிஷனை மட்டும் ஆன் பண்ணி மேப் எண்ணை நோட்டுல எழுதி வைங்க. இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்கோ டூருக்கோ பெங்களூரு, ஊட்டி பக்கம் அந்த வண்டி போச்சுன்னா அங்கயும் ஒரு தடவை எழுதுங்க. 101, 91, 78-ன்னு எண்கள் பக்கத்துல பக்கத்துல வந்துச்சுன்னா சென்சார் நல்லாருக்கு. வரலைன்னா, ஒர்க்ஷாப்ல டர்போ விலை கேட்கிறதுக்கு முன்னாடி பிபி கருவியையும் சோப்புத் தண்ணியையும் எடுங்க.